ஒரு விரற்கடை

கோர் சம்ரா நகராட்சியில்
மீட்டர் வாசிப்பது என் வேலை.
எந்த வீட்டில் எத்தனை ஏ.சி. ஓடுகிறது என்று
வீட்டுக்காரரை விட எனக்கு நன்றாகத் தெரியும்.
இன்று மட்டும்
எஞ்சினியர் வஜ்தியின் மடிக்கணினிக்குக் காவல்.
அவர் தலை அசைத்தால்
நான் படம் மாற்ற வேண்டும்.

மக்ரிபு முடிந்து கூட்டம்.
கேள்வி ஒன்றுதான்: ஊர் சேருவதா, வேண்டாமா.
மீன்சந்தைக் கூரை, பள்ளிக்கூடக் கூரை,
பஸ் நிலையத்தின் நீளக் கூரை,
மூன்றிலும் தகடு விரித்து
வருகிற கரண்டை ஊரே பங்கு போட்டுக்கொள்வது.
சேர்ந்துவிட்டால்
பத்து வருஷத்துக்கு வெளியே வர முடியாது.

ஐஸ் ஆலை கல்ஃபான் எழுந்தார்.
"சூரியன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும்.
என் மத்தி மீன் எங்கே போகும்?"
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
நான் சிரிக்கவில்லை.
ஆகஸ்டில் அவர் மீட்டர் ஓடும் ஓட்டத்தில்
கடைசி எண்ணைப் பிடிக்க
மூன்று முறை குனிவேன்.

பின்வரிசைக் கிழவர் ஒருவர்
எண்ணெயைப் பற்றி நெடுநேரம் பேசினார்.
அரபி முழுவதும் பிடிபடவில்லை.
உண்ட வீட்டுக்கு இரண்டகமா
என்று என் காதில் விழுந்தது.

"தூசி?" என்றார் உறுப்பினர் மைமூனா.
"வாராவாரம் கழுவ வேண்டுமே, யார் கழுவுவது?"
"ஆள் இருக்கிறது" என்றார் வஜ்தி.
குறை சொல்ல முடியாது,
நாங்களும் அப்படித்தான் சொல்வோம்,
ஆள் இருக்கு.

பிறகு வரைபடம்.
ஊரைச் சுற்றிப் பச்சைக் கோடு.
அது வந்து நிற்கிற இடத்திலிருந்து
ஒரு விரற்கடை தள்ளி
எங்கள் கேம்ப்.
அறுநூற்று நாற்பது பேர், ஒரு ஜெனரேட்டர்.
மீட்டர் இல்லாததால்
என் நோட்டில் அதற்குப் பக்கமும் இல்லை.
இரவு இரண்டு மணிக்கு அது இருமி நின்றால்
அறைக்குப் பன்னிரண்டு பேரும்
ஒன்றாக விழித்து
தலையணையோடு மாடிக்கு ஏறுவோம்.

வஜ்தி தலை அசைக்கவில்லை.
என் விரல் வழுக்கியது
என்று எழுதிக்கொள்ளுங்கள்.
படம் நகர்ந்தது.
திரையின் நடுவில்
கோட்டுக்கு வெளியே
ஒரு சாம்பல் நிறச் சதுரம்.

"அது என்ன?"
"எல்லைக்கு வெளியே, மேடம்."
"யார் போட்ட எல்லை?"
யாரோ தொண்டையைச் செருமினார்.
யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.
உட்கார்ந்தபடியே கல்ஃபான் சொன்னார்,
யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாமல்:
"ஜெனரேட்டர் நிற்கிற ராத்திரிகளில்
என் கேட்டில் வந்து நிற்பார்கள்.
ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி
காய்ச்சல்காரன் தலைக்கு.
காசு வாங்கியிருக்கிறேன்."

வாக்கெடுப்பு.
ஏழு கை மேலே, மூன்று கை மடியில்.
கல்ஃபானின் கை இரண்டிலும் சேராமல்
மீசையைத் தடவிக்கொண்டிருந்தது.
ஊர் சேர்ந்தது.
கேம்ப், இரண்டாம் கட்டத்தில்
பரிசீலிக்கப்படும்.
பரிசீலனைக்கு எத்தனை யூனிட்
என்று காட்டும் மீட்டரை
இதுவரை நான் வாசித்ததில்லை.

நாற்காலிகளை அடுக்கிவிட்டு
வண்டி கிடைக்காமல் நடந்தே திரும்பினேன்.
மீன்சந்தைக் கூரையில் நிலா வெளிச்சம்
வீணாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

டீசல் தொட்டியருகே அந்தோணிதுரை,
கையில் அளவுக் குச்சி.
"என்னடா ஆச்சு?"
"ஊர் சேந்திருச்சு."
"நாம?"
"படத்துல தெரிஞ்சோம்ணே."
அவர் ஒன்றும் சொல்லாமல்
குச்சியை உள்ளே விட்டு எடுத்து
டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்.
"நாலு விரக்கட இருக்கு.
விடியுறவரைக்கும் தாங்கும். போய்ப் படு."