முன்பு, பின்பு

இல்லாத ஒரு சேர்வருக்கு
எழுபத்தேழு என்று இலக்கம் வைத்தேன்.
நானும் உன் கொப்பிதான் என்று
என் முந்நூறு வரிப் புரோகிராம் போய் நின்றபோது
கொட்பே துறைமுகத்து டேட்டாபேஸ்
ஒன்றும் விசாரிக்கவில்லை.
எங்கிருந்து வேண்டும் என்று மட்டும் கேட்டது.

நானூற்றுப் பன்னிரண்டாம் ஃபைல்,
நான்காம் பைட்.

கொழும்பில் சந்தேகம்:
காற்று எச்சரிக்கையில் துறைமுகம் மூடிய இரவுகளிலும்
யாரோ எழுதுகிறார்கள்.
கள்ளன் என்றால் பிடி, பிழை என்றால் திருத்து.

உட்துறைமுக வீதி, மாடியறை.
கீழே ஒரு மான்
மட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது.

அட்டவணைக்குத் தெரிவது கடைசி விடை மட்டும்.
லொக் ஒவ்வொரு மாற்றத்துக்கும்
இரண்டு நிரை தரும்,
முன்பிருந்தது, பின்பிருந்தது.
ஐஸ் நாற்பது கட்டி, முப்பத்தெட்டு.
டீசல் பாக்கி உண்டு, இல்லை.
ஒருவரின் பெயரில் ‘ல’ பிழைத்து ‘ள’ ஆகி
ஐந்து நிமிடத்தில் மறுபடி ‘ல’.

பிறகு மூடிய இரவுகள்.
தர்மினி-3, பலநாள் கலம், ஆறு பேர்.
புறப்பட்ட நேரம் இருக்கிறது.
திரும்பிய நேரம் முன்பும் வெறுமை,
பின்பும் வெறுமை.
மாறியது ஒரே கட்டம்:
கடைசியாகப் பார்த்த நேரம்.
பதினொன்று பத்து.
பதினொன்று இருபத்திரண்டு.
பன்னிரண்டு ஐந்து.
ஒன்று. ஒன்று மூன்று. ஒன்று நான்கு.
பார்த்தவர் இலக்கம் ஒன்பது.

ஒன்பதைத் தேடினேன்:
நஸ்றூனா, கிண்ணியா, இரவுப் பணி.
அந்த ஆறு பேரில் அவளுக்கு யார் என்பதற்கு
கட்டம் ஏதும் இல்லை.

மூன்று இரவுகளை ஒரு மணித்தியாலத்தில் வாசித்து
லொக்கின் நுனிக்கு, இந்த இரவுக்கு
வந்து சேர்ந்தேன்.
இனி வாசிக்க ஒன்றுமில்லை.
சொல்ல ஏதும் இல்லாதபோது சேர்வர் அனுப்பும்
வெறும் துடிப்பு,
முப்பது விநாடிக்கு ஒன்று.
மூதூர்ப் பக்கம் சத்தமில்லாத மின்னல்.
இரண்டு நாற்பது: பார்த்தாள்.
மூன்று பன்னிரண்டு: பார்த்தாள்.
தேநீர் ஆறி ஆடை படிந்தது.
நிறுத்தியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது.

நான்கு ஐம்பத்தொன்று.
திரும்பிய நேரம்.
முன்பு: வெறுமை.
பின்பு: 04:51.

அடுத்த நிமிடமே இன்னொரு மாற்றம்.
அதே நிரை.
திரும்பியதைத்
திரும்பவும் ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறாள்.

இணைப்பைத் துண்டித்தேன்.
எழுபத்தேழு போனதைச் சேர்வர் பொருட்படுத்தவில்லை.
கொப்பி வாசிப்பதை அட்டவணை அறியாது;
நான் பார்த்த நேரம் எங்கும் பதியவில்லை.

கொழும்புக்கு எழுதினேன்:
கள்ளன் இல்லை.
பிழை என்ற இடத்தில்
கேர்சர் வெகுநேரம்
மினுங்கிக்கொண்டே நின்றது.