அலர்

ஜூன் பதினெட்டு. இரவு எட்டரை.
அகுரேரியில் சூரியன்
மலை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது,
எழுந்து போக மனமில்லாத விருந்தாளியாக.

தாவரப் பூங்காவில் எனக்குக் களை பிடுங்கும் வேலை.
ஆரஞ்சு மேல்சட்டை, முழங்காலுக்கு ரப்பர் மெத்தை.
இந்த உயரத்தில்
மனிதர்கள் முதலில் செருப்புதான்.

கிழக்கு வாசலில் நுழைவது
மருந்துக்கடை ஸ்வன்ஹில்துர். வெள்ளைச் செருப்பு, ஓசையில்லாதது.
பாறை இடுக்கில் உப்புத் தூவினாற்போல் பூத்திருப்பதை,
கிரீன்லாந்திலிருந்து வந்த ஊதாவை,
ஒவ்வொரு பெயர்ப்பலகையாக நின்று படிக்கிறாள்
நாளைக்கு லத்தீனில் தேர்வு என்பதுபோல.

மேற்கிலிருந்து
கழுவியும் மீன்வாடை போகாத பூட்ஸ்.
எய்விந்துர். இழுவலைக் கப்பலில் சமையல்.
அவனும் படிக்கிறான்!
உருளைக்கிழங்கு, ருபார்ப் தவிர
வேறொரு செடியை ஏறிட்டும் பார்த்திராதவன்.

இருவருக்கும் நடுவில்
நீலப் பாப்பி.

என்ன நீலம் என்று கேட்காதீர்கள்.
தீக்குச்சி கிழித்ததும்
சுடரின் அடியில் ஒரு கணம் நின்று போகுமே,
அது போகாமல் நின்றால்.
அயர்ன் செய்ய மறந்த இதழ்கள்.
இமயத்துச் செடியாம்.
எங்கள் குளிரை அதற்குப் பிடித்துப்போயிற்று.

அவர்கள் பேசவில்லை.
ஒரே பலகையை
இரண்டு பேர் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?
அந்தப் பாத்தியில் களையெல்லாம் தீர்ந்து
நல்ல செடி ஒன்றையும் பிடுங்கிவிட்டேன்.

வேறு ஊராக இருந்தால்
இருட்டு கொஞ்சம் உதவியிருக்கும்.
இங்கே ஆகஸ்டு வரை இருட்டு வராது.
மாலையில் மூடும் பூக்களே
எப்போது மூடுவதென்று தெரியாமல்
அரைக்கண்ணில் கிடக்கின்றன.

அப்போதுதான் பார்த்தேன்:
சாய்ந்த வெயிலில் அவன் நிழல்
பாத்தியைத் தாண்டி நீண்டு
வெள்ளைச் செருப்பின் மேல் ஏறி நின்றது.

அவள் காலை நகர்த்தவில்லை.

வேறொன்றும் நடக்கவில்லை.
அவள் வந்த வழியே போனாள். அவன்
ஒரு வாத்தைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டு
எதிர்ப்பக்கம்.
பிடுங்கிய செடியைத் திரும்ப நட்டு
தண்ணீர் ஊற்றினேன். பிழைக்குமா தெரியாது.

வேலை முடிந்து நீச்சல்குளத்தில்
சுடுநீர்த் தொட்டிக்குள் இறங்கினேன்.
ஆவிக்குள் ஏழு தலைகள்.
ஏழும் என் பக்கம் திரும்பின.

"பூங்காவில் என்ன விசேஷம்?"

"நீலப் பாப்பி அலர்ந்துவிட்டது."

"தெரியுமே" என்றது ஒரு தலை,
"நேற்றே."

நேற்று நான் பார்த்தபோது
அது மொட்டு.