சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில்
எங்கள் கொலுசுப் பட்டறைக் குப்பையை
யாரும் வெளியே கொட்டுவதில்லை.
ராவிய பொடி, கூட்டிய தூசி,
கை கழுவிய தண்ணீரின் அடிவண்டல்கூட
டப்பாவில் சேரும்.
ஆறு மாதத்துக்கொரு முறை
உருக்குகிறவர் வந்து எடைபோட்டு வாங்கிப்போவார்.
வெள்ளி இருக்கிறதே அதில்.

தாதகாப்பட்டியில் என் வீட்டுக்குப் பின்னால்
பூங்காவுக்கென்று விட்ட இடம்.
பலகை வந்தது, பூங்கா வரவில்லை.
தட்டுவடை வண்டிக்காரர் சித்தையன்
ராத்திரி மிச்சத்தை அங்கேதான் கவிழ்ப்பார்:
பீட்ரூட் தோல், காரட் நார், நசுங்கிய தக்காளி.
நாங்களும் கொட்டினோம்.
அவரை மட்டும் சொன்னால் பாவம்.

தக்காளி கிலோ நூற்றிருபது விற்ற ஆடியில்,
ரசத்துக்குப் புளியே போதுமென்று
நான் முடிவெடுத்த வாரம்,
அந்தக் குப்பைமேட்டில் ஒரு தக்காளிச் செடி.
யாரும் நடவில்லை.
பழுத்தது ஏழு.

விதை என்னுது என்றார் சித்தையன்.
என் சுவரோரம்தானே என்றாள் ஜெய்புன்.
இடம் மாநகராட்சியுது என்றார்
கேட்காமலே வந்த மேஸ்திரி.
பேசி முடிப்பதற்குள்
இரண்டைத் தின்றுவிட்டுப் போனது அணில்.

மீதி ஐந்தை அறுத்துப் பிழிந்து
விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தவள்
ரத்தினாம்பாள். சர்க்கரை நோய்க்காரி.
கீரை தின்னச் சொன்ன டாக்டர்
கீரைக்குக் காசு தரவில்லை என்பாள்.

முதல் தடவை எல்லாம் மஞ்சளாகிச் செத்தது.
காரணம் எனக்குத் தெரிந்திருந்தது.
முலாம் கடைத் தண்ணீர்
ஒரு காலத்தில் அந்த வழியாகத்தான் ஓடியது.
அதை ஊற்றியவர்களில் நானும் ஒருவன்.
ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தேன்.
சொன்ன பிறகு ஜெய்புன் கேட்டது இதுதான்:
"சாக்கு கிடைக்குமா?"

ஜவ்வரிசி மில்லின் பழைய சாக்கு நாற்பது.
அன்னதானப்பட்டி பால்காரர் வீட்டுச் சாணி.
வேம்பின் சருகு, காய்த்தோல், முட்டை ஓடு.
செம்மண்ணுக்கு மட்டும் காசு கொடுத்தோம்,
வண்டி வாடகையோடு ஆளுக்கு எண்பது.
கிளறும்போது கை சுடும்.
அடுப்பில்லாமல் வேகிற சூட்டை
பட்டறைக்காரன் நான் அன்றுதான் பார்த்தேன்.

அசுவினி வந்தது.
இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துக் கரைத்தோம்.
"பிரியாணிக்கே இவ்வளவு போடமாட்டேன்"
என்று திட்டிக்கொண்டே தெளித்தாள்.

முதல் அரைக்கீரையை
வெள்ளித் தராசில் வைத்தேன்.
கண்ணாடிக் கதவை மூடி, விசிறியை நிறுத்தி.
நூற்றுப் பதினான்கு கிராம், முந்நூற்றிருபது மில்லி.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் இறங்கியது.
தராசு கெட்டுவிட்டதோ என்று பயந்தேன்.
ஈரம்தான்.
வெள்ளி இப்படி மூச்சு விடாது.

இப்போது பதினோரு வீடு. முறைவைத்துத் தண்ணீர்.
தட்டுவடைக்குச் சித்தையனின் பீட்ரூட்டில் பாதி
எங்கள் சாக்கிலிருந்து; பதிலுக்கு
ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு செட்டு.
மாதம் இருநூறு மிஞ்சுகிறது என் வீட்டில்.
பெரிய தொகை இல்லை.
கேஸ் சிலிண்டரில் கால்வாசி.

போன மாதம் ஒரு ராத்திரி
கத்தரிக்காய் ஒன்பதும் காணோம்.
பூட்டு போடலாம் என்றது ஒரு வீடு.
கேமரா என்றது இன்னொன்று.
யாரென்று எனக்குத் தெரியும்.
அந்த வாரம் தறி ஓடாத வீடு எது என்று
சந்துக்கே காதில் கேட்டிருக்கும்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
பழக்க தோஷத்தில்
பட்டறை மாதிரியே கோடு போட்டிருக்கிறேன்.
செய்கூலி என்ற கட்டம் காலி.
அடுத்த கட்டத்தில் எழுதினேன்:
சேதாரம், கத்தரி ஒன்பது.

பட்டறையில் அதை
வாங்குகிறவர் தலையில் ஏற்றுவோம்.
இங்கே யார் தலையில் என்று
ரத்தினாம்பாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.
நோட்டை மூடினேன்.
மணி ஆறரை. இன்று
தண்ணீர் முறை அந்த வீட்டுக்கு.
குடம் நகரும் சத்தம் கேட்கிறது.