மான்கா

திரையில் சிவப்பு எழுத்து மினுக்கியதும்
சாக்கப்பா கத்தினான்:
"அக்கா, மிஷினே மாங்கான்னு எழுதுது பாரு."

ஜூன் மாசம். பர்கூர் ரோட்டில்
பெங்களூரா ஏற்றிய நாற்பது வண்டி
சாறு ஒழுக ஒழுக நிற்கிறது.
ஈ, தேனீ, டிரைவர்களின் வசவு.
கூழ் ஃபேக்டரி மிஷின்
வேறு எதைத்தான் எழுதும் என்று
நானும் சிரித்துவிட்டு ரீசெட்டை அழுத்தினேன்.
மறுபடி மாங்கா.
மாங்கா ஆரியா.

பார்மாவிலிருந்து வந்திருந்த இவானோ
கம்ப்ரெஸர் குழாயைத் தூக்கிக் காட்டினான்.
கழன்றிருந்தது.
வாயைக் குவித்து ஊதினான், பிறகு
இரண்டு கையையும் விரித்தான்.
ஆரியா என்றால் காற்று.
மான்கா என்றால்
இருக்க வேண்டியது இல்லை.

வெறும் இல்லை அல்ல.
கூரையில் மயில் இல்லை, அதற்கு மான்கா வராது.
டிரம் வைக்கும் இடத்தில் டிரம் இல்லை,
அதற்கு வரும்.
டீக்குச் சர்க்கரை, ஷிப்ட்டுக்கு ஓர் ஆள்,
நாலு மணி ஆக இன்னும் பத்து நிமிஷம்,
எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்.
லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்,
சூப்பர்வைசர் கண்ணில் படாமல்.

ராத்திரி ஷிப்ட்டில், அவன் ஊரில் சாயங்காலம்,
மகளோடு பேசுவான்.
வைக்கும்போது ஒவ்வொரு தரமும்
மீ மான்கி.
கேட்டதற்கு என் மொபைல்
"நான் உன்னை மிஸ் செய்கிறேன்" என்றது.
பொய்.
மீ என்றால் எனக்கு.
மான்கியில் இருப்பவள் அவள்.
எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது மாதிரி
எனக்கு நீ குறைகிறாய்.
வேலை முழுக்க அந்தக் குழந்தையுடையது.
இவன் ஒன்றுமே செய்யவில்லை,
நம்ம 'கு'வைப் போட்டுக்கொண்டு
ஸ்பானரும் கையுமாக நிற்கிறான்.

நானும் சொல்லிப் பார்த்தேன்
திருப்பூர் போய் மூணு வருஷமாய்
போன் எடுக்காத ஒருவனுக்கு.
எனக்கு நீ குறைகிறாய்.
ஒட்டவில்லை.
எடைத் தட்டு காட்டுகிற கணக்காக இருந்தது:
இருநூற்றுப் பதினைந்து கிலோ டிரம்மில்
ஒன்றரைக் கிலோ.

ஜூலை பதினொன்று, விடியற்காலை ஐந்தரை.
இவானோ போனைக் கவிழ்த்து வைத்தான்.
மியோ பாத்ரே, என்றான்.
ஏ மான்காத்தோ.
அப்பா. அப்புறம் அந்தச் சொல்.
நான் முதலில் திரையைத்தான் பார்த்தேன்.
காற்றா, தண்ணீரா,
அவன் அப்பாவுக்கு எது இல்லையாம்?
பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது.

ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாத சாக்கப்பா
அவன் முகத்தைப் பார்த்தான்,
கையுறையைக் கழற்றினான்.
"அப்பா தவறிட்டாராம், அக்கா."

தவறிட்டார்.
பஸ்ஸைத் தவற விட்டேன்.
தவறாமல் வரவும் என்று எத்தனை பத்திரிகை
வீட்டில் ஆணியில் தொங்குகிறது.
என் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது.
நான் பென்சிலோடு இவன் பின்னால் அலைந்தேன்.

கம்பெனி கார் பெங்களூருக்குக் கொண்டுபோய் விட்டது.
திரையை இங்கிலீஷுக்கு மாற்றித் தருகிறேன் என்றிருந்தான்.
மாற்றவில்லை.
நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட்டில் கடைசி வண்டியும் இறங்கி
உருளைகள் வெறுமையைப் பிழியத் தொடங்கியபோது
சிவப்பு எழுத்து வந்தது.
மான்கா ப்ரொதோத்தோ.

சாக்கப்பா உரக்கப் படித்தான்:
"மாங்கா..."
இல்லை, என்றேன்.
"அதான். மாங்கா இல்லை" என்றான்.
ஹோஸைப் பிடித்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தோம்.