எட்டாம் தொட்டி

எரிந்தது ஏழு.
எனக்குக் கொடுத்தது எட்டு.

"அதைப் பாக்காத, இதை நனை"
என்று சொல்லிவிட்டுப் போனார்
நிலைய அலுவலர் தேசிங்கு.
பார்க்காமல் எப்படி?
இரவு இரண்டு மணிக்கு
என் நிழல் எட்டின் மேல் விழுந்து ஆடியது.

எட்டு சும்மாதான் நின்றது.
வெள்ளைப் பெயிண்ட், கறுப்பில் எண்,
ஏணியில் யாரோ காயப்போட்டு மறந்த துண்டு.
உள்ளே என்ன என்று கேட்டோம்.
நைட் ஷிப்ட் கெமிஸ்ட் ஹேமலதா
ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து
என் டார்ச்சில் நோட்டை விரித்தாள்.
"ஏழுல டொலுவீன். எட்டுலயும் அதான், முக்கால் தொட்டி.
ஒன்பதுல என்னன்னு நேத்து எழுதல சார்."

ஒன்பதுக்கும் ஒரு குழாய் போனது.

தண்ணீர் பட்டதும் எட்டு சீறியது.
சீறினால் தகடு கொதிக்கிறது.
சீறாமல் வழிந்தால் பிழைத்துக்கொண்டது.
காதை அதனிடம் கொடுத்துவிட்டு
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
லாரி கழுவும் பையனைப்போல
கழுவினேன்.
பின்னால் குழாயைத் தோளில் தாங்கி மஸ்தான்.
என் முதுகில் ஒரு தட்டு என்றால் வலது,
இரண்டு என்றால் இடது,
மூன்று என்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடு.

ஏழின் மேல் யாரும் தண்ணீர் அடிக்கவில்லை.
தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
தீ மிதந்து விளிம்பு தாண்டும்.
அதற்கு நுரை வேண்டும்.
நுரையும் அரைகுறையாக ஆகாது;
பாதி மூடினால் மீதி வந்து
மூடியதையும் தின்றுவிடும்.
அறுபது பீப்பாய் சேரட்டும் என்றார் தேசிங்கு.
இருந்தது இருபத்திரண்டு.
மிச்சம் துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது,
எண்ணூர் நெடுஞ்சாலையில்
கண்டெய்னர் லாரிகளின் வாலுக்குப் பின்னால்.
சைரன் கேட்டால் ஒதுங்க
இடம் வேண்டாமா அவர்களுக்கும்?
மஸ்தானின் மச்சான் ஓட்டும் ட்ரெய்லரும்
அதில் எங்கோ நின்றிருக்கும்.

ஆக, எரியவிட்டு நின்றோம்.
கேட்டுக்கு வெளியே ஒரு குரல்:
"இன்னாபா, அணைக்க வந்தியா
குளிர்காய வந்தியா?"

நான் நெட்டுக்குப்பத்துக்காரன்.
விடியும்வரை கரைக்காற்று,
புகையைக் கடலுக்குத் தள்ளும்.
நடுவில் திருவொற்றியூர் இருக்கிறது,
தலைக்கு மேலே போனால் போகட்டும்.
பத்து மணிக்குமேல் கடல் திரும்பி மூச்சுவிடும்.
அப்புறம் மணலி, மாத்தூர், மாதவரம்,
பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் ஆட்டோக்கள்.
தேசிங்கிடம் சொன்னேன்.
"தெரியும்" என்றார்.
அந்தத் தெரியும் நடுங்கியது.

ஏழரைக்கு நுரை வந்தது.
தீயில் நேராக அடிக்கவில்லை அவர்கள்.
உள்சுவரில் அடித்து
சுவர் வழியே வழியவிட்டார்கள்,
ஆறும் கஞ்சியில் ஆடை படர்வதுபோல.
நான் பார்க்கவில்லை.
மஸ்தான் காதில் சொல்லிக்கொண்டே வந்தான்:
"பாதி மூடிச்சு…
முக்கால்…
ஓரம் மட்டும் முரண்டு பிடிக்குது…"

எப்போது என்று தெரியாது,
என் எட்டு சீறுவதை நிறுத்தியிருந்தது.
தண்ணீர் வெறும் தண்ணீராக வழிந்தது.

வழிந்து எங்கே போனது என்றும் சொல்லவேண்டும்.
மணல் மூட்டை அடுக்கினோம்.
நின்றது பாதி, தாண்டியது பாதி,
கறுப்பும் நுரையுமாய்க் கால்வாய்க்கு.
கால்வாய் போய்ச் சேரும் ஆற்றில்தான்
என் அக்கா கையால் இறால் தடவுகிறாள்.
நான் அடித்த தண்ணீர்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

டிவியில் ஏழாம் தொட்டியைத்தான்
மாற்றி மாற்றிக் காட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து
பஸ் ஜன்னலில் பார்த்தேன்.
ஏழு இருந்த இடத்தில் வானம்.
எட்டின் பக்கவாட்டில் கயிற்றில் தொங்கி
ஒருவன் பெயிண்ட் கொப்புளங்களைச்
சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஏணியில் அந்தத் துண்டு
அப்படியே இருந்தது.