மாற்றத்திற்கான காரணம்

காஷ்மீரி கேட் பின்சந்தில், மாடிப்படி முடிகிற இடத்தில்
குர்தேஜ் விர்க்கின் பட்டறை.
ஈர்க்குச்சி போன்ற கேமராவைக் குழலுக்குள் விட்டுத்
திரையில் காட்டுகிறார்.
தோட்டா அறையைத் தாண்டியதும் தொண்டை,
அங்கே உருக்கு வெடித்துக் கிடக்கிறது.
முதலைத்தோல் என்பார்கள் இதை.
எனக்குத் தெரிந்தது பித்தவெடிப்பு,
ஜனவரியானால் என் குதிகாலில் வருவது.

"புதுக்குழல் வந்துவிட்டது.
எந்தத் தோட்டாவுக்கு அறை கடையட்டும்?
வியாழனுக்குள் சொல்லுங்கள் மேடம்.
கடைந்தால் கடைந்ததுதான்."

மருந்தில்லாத மாதிரிகள் மூன்றைக்
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினார்.
மயூர் விஹாரில், சாப்பாட்டு மேஜையில்,
மாகாளிக்கிழங்கு பாட்டில் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

முந்நூற்றெட்டு. தடியன், பழகியவன்.
பதினொரு வருடம் இவனோடு.
குழலை ஐயாயிரம் வரை வாழவிடுவான்,
தோளை அப்படி விடமாட்டான்.
காற்று கூப்பிட்டால் கொஞ்சம் போய்விட்டுத்தான் வருவான்.

ஆறரை. நீண்ட மூக்கு.
ஆயிரம் மீட்டரிலும் சொன்ன இடத்தில் போய் நிற்கும்.
நான் சுடுவதோ முந்நூறில்.
கரோல் பாக் போக
ராஜ்தானியில் டிக்கெட் எடுப்பதுபோல.

ஆறு. குட்டை, தோள் அகலம்.
ஷெஃபாலி கட்டோச்சின் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்திருக்கிறேன்:
மெட்ரோவில் பக்கத்து இருக்கைக்காரி
தூக்கத்தில் தோளில் சாய்ந்து
மன்னிப்புக் கேட்டு நிமிர்வாளே, அவ்வளவுதான் உதைப்பு.
ஆனால் இரண்டாயிரத்து ஐந்நூறில் குழல் போய்விடும்.

தணிக்கைத் துறையில் இருபத்திரண்டு வருடம்;
கணக்குப் போடாமல் கை நிற்காது.
வருடத்துக்கு அறுநூறு. எனக்கு நாற்பத்தொன்பது.
முந்நூற்றெட்டு என்றால் ஐம்பத்தேழு வரை.
ஆறு என்றால் ஐம்பத்துமூன்றில்
மறுபடி இதே படிகள், இதே கேமரா.
எந்தக் குழல் என்னைவிட முந்தித் தேயும்
என்பதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.

துக்ளகாபாத், டிசம்பர்.
பனி விலகி இலக்கு தெரியப் பத்தரை ஆனது.
நாற்பத்தோராவது தோட்டா.
விசை விழுந்தது, வெடிக்கவில்லை.
அந்தச் சத்தமில்லாத அரை நொடியில்தான் தெரிந்தது:
வராத உதைப்புக்குத் தோள் முன்கூட்டியே குறுகியிருந்தது,
குழல்நுனி குனிந்திருந்தது,
என் கண்
மூடியிருந்தது.

பக்கத்துப் பாயில் ஷெஃபாலி பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் காதுமூடியைச் சரிசெய்துகொண்டாள்.

குழல் போய்விட்டது என்று
எல்லாரிடமும் நான்தான் சொன்னேன்.
அது எதிர்த்துப் பேசாது.

பேசியவர் குர்தேஜ்தான்,
போன வாரம், பைப்பரிசியை அலசிக்கொண்டே:
"இரும்புப் பிடியில் பூட்டி நூறு மீட்டரில் சுட்டேன்.
பத்தும் பத்து ரூபாய்க் காசுக்குள்.
வெடிப்பு கிடக்கட்டும், இன்னும் ஐந்நூறு ஓடும் இது."
சந்தில் பேட்டரி ரிக்‌ஷா ஒன்று ஹார்னை விடாமல் அழுத்தியது.
எனக்குக் கேட்காததற்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று புதன். உரிமப் பிரிவு, நான்காம் ஜன்னல்.
பழைய கலிபர், எழுதினேன்.
புதிய கலிபர்: ஆறு.
கை தயங்கவில்லை, எனக்கே ஆச்சரியம்.
மாற்றத்திற்கான காரணம், இரண்டு வரிகளுக்கு மிகாமல்.

காற்று என்று எழுதி அடித்தேன்.
தோள் என்று எழுதினால்
மருத்துவர் சான்று கேட்பார்கள்.
கடைசியில் ஒரே சொல்: தேய்மானம்.

எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
"எதனுடைய தேய்மானம்? அதை எழுதவில்லையே."

பேனாவைத் திரும்ப வாங்கினேன்.
எனக்குப் பின்னால் பதினாலு பேர்.
முதல் ஆள் இருமுகிறார்.