கடைசிப் பத்து விநாடி

நிஜப் பகடையை உருட்டிப் பதிவுசெய்தபோது
அது பொய்யாகக் கேட்டது.
எலும்பு, பிளாஸ்டிக், கண்ணாடி
ஏழு ஜோடி உருட்டினேன்.
எல்லாமே யாரோ சாவியைத் தவறவிட்டதுபோல.

கடைசியில் உறைபெட்டியில் கிடந்த
லிங்கன்பெரிப் பழங்களை ஒரு பிடி அள்ளி
எனாமல் கிண்ணத்தில் கொட்டினேன்.
உருண்டன, மோதின, ஒன்று மட்டும்
தயங்கி நின்றது.
அதுதான்.
காய் கனிவதற்கு முன்பே
பகடை கனிந்துவிட்ட ஆட்டம் எங்களுடையது.

காய் நகர்வதற்கு: ஜூனிபர் மரத்தட்டில் விரல் நகம்.
வெட்டுப்பட்ட காய்க்கு: கையுறை ஒன்று பனியில் விழும் ஓசை.
எமாயோகி ஆற்றின் மேல் பனிப்பாளம்
இரவில் விரிசல் விடுவதைப் பிடித்துவந்து
தோல்விக்கு வைத்தேன்.
வேண்டாம் என்றார்கள்.
"தோற்றவன் நாளைக்கும் வரணுமே, பிர்யே."
சரி, தோல்விக்கு ஒரு சின்ன மணி.

கடைசிப் பத்து விநாடிக்கு மட்டும்
யாரையும் கேட்கவில்லை.
டிக் என்று ஒன்று.
அதற்கடியில் காதுக்குத் தெரியாத,
வயிற்றுக்குத் தெரிகிற ஒரு தாழ்ந்த அதிர்வு.
விநாடிக்கு விநாடி அது
ஒரு மயிரிழை கிட்டே வரும்.
சோதனைக்கு வந்த பையன்
நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டான்.
அன்று எல்லோருக்கும் நான்தான் கேக் வாங்கினேன்.

அமைப்புகள் பக்கத்தில் ஒலிக்கு
எத்தனை ஸ்லைடர் என்று கேட்டார்கள்.
ஒன்று போதும் என்றேன்.
ஓவியத்தை யாராவது நிறம் நிறமாகவா வாங்குகிறார்கள் என்றேன்.
இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

*

டார்ட்டுவில், அன்னெலின்னில்,
ஒன்பது மாடி சோவியத் கான்கிரீட்டில் என் வீடு.
சுவருக்குக் காது உண்டோ இல்லையோ
வாய் உண்டு.
நவம்பரில் பக்கத்து வீட்டுக்கு யாரோ குடிவந்தார்கள்.
மூன்றாம் இரவு, ஒன்றரை மணி,
பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
சுவருக்கு அந்தப்பக்கம்
என் பழங்கள் உருண்டன.

பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றேன்.
நகம். நகம். கையுறை.
வெட்டுகிறான். மறுபடி வெட்டுகிறான்.
முகம் தெரியாதவனுக்காகச் சந்தோஷப்படுவது
வெட்கமாக இருந்தது, ஆனாலும்.

பிறகு அது வந்தது.
டிக்கை வடிகட்டிவிட்ட கான்கிரீட்
அடியில் நான் ஒளித்துவைத்ததை மட்டும்
சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து கொடுத்தது.
பத்து. ஒன்பது. எட்டு.
ஆடு, என்றேன் நுரையோடு.
ஐந்து. ஏதாவது ஒரு காயைத் தொடு.
இரண்டு.
சின்ன மணி.

மறுநாளும் அதே கதை.
ஜெயித்துக்கொண்டே போவான்,
பத்து தொடங்கியதும் காணாமல் போவான்.
நான்காவது மணிக்குப் பிறகு கதவைத் தட்டினேன்.

பெயர் ரைகோ. ரொட்டிக்கடையில் அதிகாலை வேலை.
முழங்கை வரை அடுப்புச் சூட்டின் தழும்புக் கோடுகள்.
"சத்தம் அதிகமா? மன்னிக்கணும்.
பகடை விழுவது கேட்டால்தான் எண்ணை நம்புவேன்.
அந்த டிக்கை மட்டும் அணைக்கத் தேடுகிறேன்,
வழியைக் காணோம்.
பதினோரு வருஷமாக எங்கள் அடுப்பு
இப்படித்தான் கூப்பிடுகிறது.
அது தொடங்கினால் கை மவுஸை விட்டுவிட்டு
துணியைத் தேடுகிறது."

வழியே இல்லை என்பது எனக்குத் தெரியும்.
ஏன் இல்லை என்பதும்.
"அங்கே ஒருத்தியைத் தெரியும்" என்றேன்,
"சொல்லிப் பார்க்கிறேன்."

*

இப்போது நான்கு ஸ்லைடர்கள்.
பகடை, காய், மணி, நேரம்.
நான்காவதைப் பூச்சியம் வரை இழுக்கலாம்.
முதல் வாரத்திலேயே எத்தனை பேர்
இழுத்தார்கள் என்ற கணக்கு வந்தது.
இரண்டு முறை படித்தேன்.

நேற்றிரவு சுவரில் காதை வைத்தேன்.
பழங்கள் உருண்டன. நகம். நகம்.
பிறகு ஒன்றுமில்லை.
யோசிக்கிறானா, தூங்கிவிட்டானா,
எத்தனை விநாடி மிச்சம்?
எதையும் சொல்லவில்லை கான்கிரீட்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
நானே எண்ணினேன். ஆறு. ஐந்து. நான்கு.

பனியில் ஒரு கையுறை விழுந்தது.
யாருடையது என்று தெரியவில்லை.